வலது பக்கத் தொட்டிகள்

அத்தியாயம் பதினொன்று

படியில் காலடிச் சத்தம் கேட்டதும், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் குந்தியிருந்த தையலக்கா துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தாள்.

வா. வாடி வா. இன்னைக்கு உன்னைக் கையும் களவுமாப் பிடிக்கலைன்னா, நான் கத்தரிக்கோலைத் தொடறதையே விட்டுடறேன்.

மணி ஐந்தே முக்கால். வானம் இப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நான்கு மாடி ஏறி வந்ததில் அவளுடைய இரண்டு முழங்கால்களும் தனித்தனியாக அவளைத் திட்டிக்கொண்டிருந்தன. திட்டட்டும். திருடியைப் பிடித்த பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

எதிரே, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு தொட்டிகள். ஒரு தக்காளி, ஒரு வெள்ளரி என்று மாற்றி மாற்றி வைத்தது. இடது கோடியிலிருந்து எட்டுத் தொட்டிகளைப் பார்த்தால் கண் பட்டுவிடும். இலை தெரியாமல் காய். வலது கோடி நான்கைப் பார்த்தால் வயிறு எரியும். தக்காளி ஒவ்வொன்றும் அடியில் கறுத்து, குழிந்து, அழுகல். வெள்ளரி இலை பழைய காகிதம்போல் மொடமொடவென்றிருந்தது. காய்த்த இரண்டு பிஞ்சும் கொக்கிபோல் வளைந்து, வாயில் வைத்தால் அப்படி ஒரு கசப்பு.

ஒரே மண். ஒரே விதை. ஒரே வெயில். அப்புறம் நாலு மட்டும் ஏன் சாகிறது?

யாரோ சாகடிக்கிறார்கள். யார் என்பதில் தையலக்காவுக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் மாடி டீச்சரம்மா. வெள்ளரிக் கொடிக்கு வலை கட்டத் துணிக்கொடிக் கம்பத்தைத் தையலக்கா வளைத்துப் போட்ட நாளிலிருந்தே பகை. "இந்தக் கொடி காஞ்சாத்தான் எங்க துணி காயும் போலிருக்கு" என்று அந்த அம்மாள் சொன்னதைக் காதால் கேட்டவள் தையலக்கா. போன ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் வைத்து, ஆறு வீட்டுக் கதவும் திறந்திருக்க, வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"வெந்நீர் ஊத்திச் செடியைக் கொல்றது நீதான்! பிள்ளைங்களுக்குப் பாடம் வேற எடுக்கிற! இனிமே என் புருஷன் வேன்ல உன் கால் படக் கூடாது!"

தினமும் அவள் கணவர் ஓட்டும் பள்ளி வேனில்தான் டீச்சரம்மா வேலைக்குப் போய்வந்தாள். அன்றைக்கு அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதில் சொல்லவில்லையே, அப்போ குற்றமுள்ள நெஞ்சுதானே?

மாடிக் கதவு கிறீச்சிட்டது.

வந்தது டீச்சரம்மா இல்லை. கணவர்.

தையலக்காவுக்கு ஏமாற்றம். ஆமாம், இது அவர் தண்ணீர் ஊற்றும் நேரமல்லவா? அவள் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்து இரண்டு மாதமாக, வேன் எடுப்பதற்கு முன்னால் அவர்தான் மேலே வந்து ஊற்றிவிட்டுப் போகிறார். எழுந்து குரல் கொடுக்கலாமா என்று பார்த்தாள். வேண்டாம். துடைப்பமும் கையுமாக டேங்க் சந்தில் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனிதர் ஆயுசுக்கும் கேலி செய்தே கொல்வார்.

அவர் குழாயைத் திருகினார். ரப்பர் ஹோஸ் வரிசையின் நடுப்பகுதி வரைதான் எட்டும். அங்கே நின்று, கட்டைவிரலால் ஹோஸ் வாயை அழுத்தி, இடது கோடியிலிருந்து பீய்ச்சத் தொடங்கினார். வாயில் ஏதோ முணுமுணுப்பு.

"ஏழு, மூணு, ஒம்போது, ரெண்டு... ஏழு, மூணு, ஒம்போது, ரெண்டு..."

தையலக்கா சிரித்துக்கொண்டாள். மகள் கண் பரிசோதனைப் படிப்புப் படித்த வருஷம் முழுக்கத் தையல் மிஷினுக்குப் பின்னால் சுவரில் தொங்கிய எண் அட்டை. அப்பாவை முக்காலியில் உட்காரவைத்து அந்தப் பெண் பழகிய பழக்கத்தில், கடைசி வரி வீட்டில் எல்லோருக்கும் பாட்டாகிவிட்டது. துணி வெட்டும்போது அவளும் பாடுவாள்.

முதல் தொட்டி. இரண்டு. மூன்று. மண் நனைந்து கறுக்கும் வரை நின்று, நிதானமாக ஊற்றினார். எட்டாவது முடிந்தது. ஹோஸ் வலது பக்கம் திரும்பியது.

தண்ணீர், செடித் தொட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சுவரில் அடித்தது.

ஒன்பதாவது தொட்டியைத் தாண்டி, பத்தைத் தாண்டி, பதினொன்றையும் பன்னிரண்டையும் தாண்டி, சுவரில் வழிந்து, மூலையில் இருந்த வடிகால் துவாரத்துக்குள் கொடகொடவென்று இறங்கியது. நான்கு தொட்டிகளில் ஒன்றிலும் ஒரு சொட்டு விழவில்லை. அவரோ அதே நிதானத்தோடு, அதே பாட்டோடு, சுவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

தையலக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. துடைப்பத்தோடு எழுந்து வெளியே வந்தாள். ஒன்பதாவது தொட்டியின் பக்கத்தில், அவருக்கு வலது கைப் பக்கமாக, நாலே எட்டில் நின்றாள்.

நாக்கு நுனியில் வசவு தயாராக இருந்தது.

அவர் திரும்பவில்லை.

நீலப் புடவையும் துடைப்பமுமாக ஓர் ஆள் பக்கத்தில் வந்து நிற்கிறாள். அவர் முகத்தில் ஒரு சலனம் இல்லை. குழாயை மூடினார். ஹோஸைச் சுருட்டினார். இடது பக்கமாகத் திரும்பி, பாடிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

தையலக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

இரண்டு மாதமாகக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு "வயசாச்சு" என்று சிரித்தது. சாப்பாட்டு மேசையில் வலது கைப் பக்கம் வைத்த டம்ளரை மூன்று முறை தட்டிவிட்டது. ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. ஒன்பதாவது தொட்டியின் மண்ணைத் தொட்டாள். உள்ளே வரைக்கும் புழுதி.

அப்போதுதான் கீழே வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பதினாறு பிள்ளைகள்!

முழங்காலாவது ஒன்றாவது. தையலக்கா ஓடினாள்.

* * *

"எங்க கிளம்பிட்டே?" கணவருக்கு ஆச்சரியம். பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்த மனைவிக்கு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

"நூல் வாங்கணும். ஸ்கூல் பக்கத்துக் கடையில."

"ஏழு மணிக்கு எந்தக் கடைக்காரன் உனக்காகத் திறந்து வெச்சிருக்கான்?"

"திறக்கிற வரைக்கும் நிப்பேன்."

"நல்லா நிப்பே. மாடிக்குப் போய் நாலு செடிக்குத் தண்ணி ஊத்துன்னா முழங்கால் வலி. நூலுக்குன்னா காலு தானா முளைச்சுடும்." அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சாவியைப் பிடுங்கியிருக்கலாம். பிற்பாடு அந்த நிமிஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. ஏன் சொல்லவில்லை? எல்லாம் நம் பிரமையாக இருக்கட்டும் என்று ஒரு நப்பாசை. பதினாறு வீட்டு வாசலிலும் பிள்ளைகள் பையோடு நிற்பார்களே, என்னவென்று சொல்வது என்று ஒரு தயக்கம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகப் பதினாறு பிள்ளைகளை ஏற்ற விட்டாள்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டும் மூன்றுமாக ஏறினார்கள். முன்பல் விழுந்த ஒரு சிறுமி தையலக்காவைப் பார்த்ததும் பட்டென்று கேட்டாள்: "நீங்கதான் புது மிஸ்ஸா?"

"இல்லம்மா. நான் உன் யூனிஃபார்ம் தைச்ச அக்கா."

"கழுத்து இறுக்குது" என்றாள் சிறுமி. வண்டியே சிரித்தது.

கணவர் நன்றாகத்தான் ஓட்டினார். தையலக்கா கவனித்தாள். ஐந்து விநாடிக்கு ஒருமுறை கழுத்தைச் சட்டென்று வலது பக்கம் வெட்டித் திரும்பினார். கோழி திரும்புவதுபோல். எத்தனை மாதமாக இப்படி? சுளுக்கு என்று சொல்லித் தைலம் தடவிக்கொண்டாரே!

ரொட்டிக் கடை முனையில் வண்டி வலது பக்கம் திரும்ப வேண்டும். பின்னால் யாரோ தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டார்கள். அவர் கண்ணாடியில் பார்த்து, "யாருப்பா அது?" என்றபடி ஸ்டியரிங்கை வளைத்தார். கழுத்து திரும்பவில்லை.

"வலது பக்கம் சைக்கிள்!"

கீச்சென்று கத்தியது பொக்கைவாய்ச் சிறுமி. பிரேக் அலறியது. பைகள் முன்னால் வந்து விழுந்தன. வேனின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, கூடை நிறையப் பூச்செண்டுகளோடு ஒரு கிழவர் சைக்கிளில் உறைந்து நின்றார். பிறகு கெட்ட வார்த்தை ஒன்றை நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் வண்டியை மெல்ல நகர்த்தினார். 

"எனக்கு ஸ்டார்!" என்றாள் சிறுமி.

"என்ன ஸ்டாரு?" தையலக்கா திரும்பிக் கேட்டாள்.

"டீச்சர் மிஸ் விளையாட்டு. வலது பக்கம் என்ன வருதுன்னு யார் முதல்ல சொல்றாங்களோ அவங்களுக்கு ஸ்டார். மிஸ் நீங்க உட்கார்ந்திருக்கிற சீட்லதான் உட்காருவாங்க. அவங்களும் சொல்வாங்க."

"இப்போ யாரும் சொல்றதில்லையா?"

"மிஸ் அஞ்சு நாளா வரலியே. ஸ்டார் இல்லைன்னா யார் சொல்வா?"

தையலக்கா தான் உட்கார்ந்திருந்த இருக்கையைக் குனிந்து பார்த்தாள். ஓரத்தில் டீச்சரம்மாவின் சின்னக் குஷன். அவளே தைத்துக் கொடுத்தது. நல்லபடியாக இருந்த காலத்தில்.

இனிமே என் புருஷன் வேன்ல உன் கால் படக் கூடாது!

யார் சொன்னது? நான் சொன்னேன். வாய் கிழியச் சொன்னேன்.

மீதி வழி முழுக்க, பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் கத்திக்கொண்டு வந்தாள். வலது பக்கம் பைக். வலது பக்கம் நாய். வலது பக்கம் யாருமில்லை.

கணவர் ஒவ்வொரு குரலுக்கும் வேகத்தைக் குறைத்தார்.

* * *

பள்ளி வளாகத்தில் பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு வேனில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். தையலக்கா அவருடைய கழுத்துக்குப் பின்னால் கையை நீட்டி, வலது கன்னத்துக்குப் பக்கத்தில் விரல்களை விரித்தாள்.

"இது எத்தனைங்க?"

அவர் திரும்பவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்தார்.

"மாடியில நின்னியா காலையில?"

"உங்களுக்கு நாலடியில நின்னேன்."

நீண்ட மூச்சு ஒன்று வெளியே வந்தது. "வலது கண்ணு போச்சு. போன மழைக்காலத்துல மங்கலாத் தெரிஞ்சுது. டாக்டர்கிட்டப் போனேன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். நரம்பு செத்துப்போச்சாம். போனது போனதுதானாம். இடது கண்ணு நல்லா இருக்கு. கழுத்தைத் திருப்பித் திருப்பித்தான் ஓட்டறேன்."

"எட்டு மாசமா?"

"எட்டு மாசமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை?"

"இருபத்தாறு வருஷம் ஓட்டியிருக்கேன். ஒரு கீறல் கிடையாது. எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"ஞாயித்துக்கிழமை நான் டீச்சரம்மாவைக் கிழிச்சப்போ பக்கத்துலதானே நின்னீங்க?"

"செடி என்னாலதான் காயுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் ஊத்தறேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன்." அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். "ஆனா அந்த அம்மா எதுக்கு தினம் முன் சீட்ல உட்கார்ந்து வலது பக்கம், வலது பக்கம்னு சொல்றாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் நின்னேன். நீ அவங்களை ஏறாதேன்னப்போ வாயைத் திறந்திருந்தா எல்லாம் வெளியில வந்திருக்கும். அதான் திறக்கலை."

தையலக்காவுக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. தன்னைப் பார்த்துக்கொள்ளவும் முடியவில்லை.

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி லைசென்ஸ் புதுப்பிச்சீங்களே. கண் டெஸ்ட்ல பாஸுன்னு காகிதம் கொண்டு வந்து காட்டினீங்களே. அது எப்படி?"

அவர் முன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார்.

"அதை மட்டும் கேக்காத."

"என்னங்க..."

"கேக்காதன்னு சொல்றேன்ல!"

அவள் உள்ளங்கையை நீட்டினாள். "சாவி."

"மூணரைக்குப் பிள்ளைங்க வெளியில வந்துடும்மா. யார் கொண்டு போய்..."

"சாவி."

கொடுத்தார். அழுதிருந்தால்கூடத் தேவலை. சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

அப்போது, குடையை ஊன்றிக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து, பள்ளி வாசலில் நுழைந்தாள் டீச்சரம்மா. செருப்பெல்லாம் புழுதி. வீட்டிலிருந்து நாற்பது நிமிஷ நடை. ஐந்து நாளாக நடக்கிறாள்.

தையலக்கா வேனிலிருந்து இறங்கி எதிரே போய் நின்றாள். 

"டீச்சரம்மா..."

டீச்சரம்மா கையிலிருந்த பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். "பயப்படாதீங்க. வெந்நீர் இல்லை. குடிக்கிற தண்ணிதான்."

செருப்பால் அடித்திருந்தாலும் இப்படி உறைத்திருக்காது. தையலக்கா இரண்டு கைகளையும் கூப்பினாள். கைக்குள் சாவி குத்தியது.

"இந்த நாக்கை என்ன பண்றதுன்னு தெரியலை எனக்கு. ஆறு வீட்டுக்கு முன்னாடி பேசினேன். ஆறு வீட்டுக்கு முன்னாடியே மன்னிப்பும் கேக்கறேன்."

"கேளுங்க. கேக்க வேண்டியதுதான்." டீச்சரம்மா சிரிக்கவில்லை. "உங்க மாடித் தண்ணி தினமும் எங்க பால்கனித் துணி மேலதான் கொட்டுது. மொட்டைமாடிக் கொடியையும் புடுங்கிட்டு, இதுவும் வேணும்னே பண்றீங்கன்னு நினைச்சேன். சண்டை போட மேலே வந்தேன். அப்போதான் பார்த்தேன், நாலு தொட்டி மட்டும் காஞ்சு கிடக்கு. சுவர் ஈரமா இருக்கு. வேன்ல அவர் வலது பக்கம் பார்க்காம திரும்பினது ஞாபகம் வந்துச்சு. கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சரம்மா!"

"உங்க வீட்லதான் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"உங்க பொண்ணுகிட்ட. கண்ணு விஷயம், அதைப் படிச்சவகிட்டச் சொல்றதுதான் முறைன்னு தோணுச்சு. ஆச்சு மூணு வாரம்."

"அவ என்ன சொன்னா?"

"அழுதா. பதினைஞ்சு நாள் டைம் குடுங்க, நானே அப்பாகிட்டப் பேசறேன், அதுவரைக்கும் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்குங்கன்னா. நானும் மண்டையை ஆட்டிட்டேன்." டீச்சரம்மாவின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "உங்களைச் சொல்லிட்டு என்னை விட்டுட முடியுமா? பதினாறு பிள்ளைங்களை அவருக்குக் கண்ணா மாத்தி, ஸ்டார் ஒட்டி, விளையாட்டுன்னு பேர் வெச்சேன். தூங்க முடியலை. ஞாயித்துக்கிழமை நீங்க கத்தின உடனே உங்க பொண்ணுக்குப் போன் பண்ணி, வெள்ளிக்கிழமைதான் கெடுன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு வெள்ளி. ஆபீஸ்ல பேசத்தான் போயிட்டிருக்கேன்."

"வேண்டாம்." தையலக்கா சாவியைக் காட்டினாள். "வண்டி இனி நகராது. சொல்ல வேண்டியது எங்க வீடு. மூணு மணிக்குள்ள ஆபீஸுக்கு எங்க வீட்லேருந்து போன் வரும்."

டீச்சரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரலைன்னா, மூணு மணி ஒரு நிமிஷத்துக்கு நான் பேசுவேன்."

* * *

மகள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடை பத்து மணிக்கே திறந்துவிடும். பத்து மணிக்கே போயிருக்கலாம்.

போகவில்லை. மிஷினில் உட்கார்ந்து யூனிஃபார்ம் காலர்களைத் தைத்தாள். பொக்கைவாய்க்காரியின் கழுத்து ஞாபகம் வந்து, ஒரு காலரைப் பிரித்துத் தளர்த்தித் தைத்தாள். ஊசி இரண்டு முறை ஒடிந்தது.

மதியம் சாப்பிடக் கூப்பிடக் கணவரைக் காணோம். மாடிக்கு ஏறினாள்.

அவர் வலது கோடியில் மண்டியிட்டிருந்தார். தலையை நன்றாகத் திருப்பி ஒன்பதாவது தொட்டியைப் பார்த்து, விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டார். எடுத்தார். பத்தாவது தொட்டி. பதினொன்று. பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் விரலை விட்டு எடுத்து, விரலில் ஒட்டாத மண்ணைப் பார்த்தார். பக்கத்தில் வாளியும் மக்கும் இருந்தன. ஒரு தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துவிடலாம்போல் இருந்த ஆத்திரம் தையலக்காவுக்கு அந்த முதுகைப் பார்த்ததும் எங்கோ போயிற்று.

மக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரேயடியா ஊத்தாதீங்க. காஞ்ச மண்ணு. வேகமா ஊத்தினா பழம் வெடிச்சுடும். அரை மக்கு ஊத்திட்டு, அது இறங்கினப்புறம் இன்னும் அரை."

"பிழைக்குமா?"

"அந்த வெள்ளரி ரெண்டும் போச்சு. தக்காளி தெரியலை."

அவர் தலையாட்டினார். அரை மக்கு ஊற்றினார். இடது கையால் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றினார்.

"பொண்ணைத் திட்டாத" என்றார், திரும்பாமலே.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

கடைக்குள் நுழையும்போது சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நாற்பத்தைந்து. ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நான் இவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?" என்று கண்ணாடி முன்னால் நின்று மகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டில் நின்ற மகள் சிரித்தாள். அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பு அறுந்தது.

பெரியவர் போனதும் தையலக்கா மேசைமேல் வேன் சாவியை வைத்தாள்.

மகள் சாவியையே பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சரம்மா சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க. பதினைஞ்சு நாள் டைம் கேட்டியாமே. பேசினியா அப்பாகிட்ட?"

"இல்லை."

"பதினைஞ்சு நாளும் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டியேடி! ஒரு வார்த்தை வரலையா?"

"வரலைம்மா."

"இன்னைக்குக் காலையில ஒரு கிழவர் மேல வண்டியை ஏத்தியிருப்பார். ஒரு சாண். பல்லு விழுந்த ஒரு குழந்தை கத்தினதால நின்னுச்சு. அந்தக் குழந்தைக்கு இருக்கிற வாய்கூட நம்ம வீட்ல மூணு பேருக்கும் இல்லாமப் போச்சு." தையலக்கா போனை எடுத்தாள். "நான் ஸ்கூலுக்குப் பேசப் போறேன். கண்ணு இல்லைன்னு சொல்வேன். மூணரைக்குப் பிள்ளைங்களை அழைச்சுக்கச் சொல்லி அப்பா அம்மாக்களுக்குத் தகவல் குடுக்கச் சொல்வேன். நீ பக்கத்துல நில்லு. மருத்துவமா ஏதாவது கேட்டா நீ சொல்லு."

எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது.

"அம்மா, வை. ஒரு நிமிஷம் வை."

"வைக்க மாட்டேன். மூணு மணிக்கு டீச்சரம்மா பேசிடுவாங்க. அதுக்கு முன்னாடி நாம பேசணும். இந்த ஒண்ணாவது ஒழுங்காப் பண்ணுவோம்."

"அவங்க கேப்பாங்கம்மா. கண்ணு இல்லாதவர் டெஸ்ட்ல எப்படிப் பாஸ் ஆனார்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். எந்தக் கபோதி டெஸ்ட் எடுத்தானோ அவன் வந்து பதில் சொல்லட்டும்!"

மகள் திரும்பி, எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

தையலக்காவும் பார்த்தாள். விளக்கு வைத்த வெள்ளை அட்டை. மேலே ஒரு பெரிய எண். கீழே போகப் போகச் சின்னதாக. பழக்க தோஷத்தில் அவளுடைய வாய் தானாகவே கடைசி வரிக்குப் போயிற்று. ஏழு, மூணு, ஒம்போது...

இல்லை. சுவரில் அப்படி இல்லை.

நாலு, எட்டு, ஆறு, அஞ்சு.

"ஹலோ, ஸ்கூல் ஆபீஸ்" என்றது போன்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று தையலக்கா போன் வாயைப் பொத்தினாள். "இங்கயா? இந்தக் கடையிலயா டெஸ்ட் நடந்துச்சு?"

"அந்த நாற்காலியில." மகள் கைகாட்டினாள். "வலது கண்ணுதான் முதல்ல. இடது கண்ணை நானே மூடினேன். கடைசி வரியைப் படிங்கப்பான்னேன். தயங்கவே இல்லைம்மா. பாட்டு மாதிரி வந்துச்சு. ஏழு, மூணு, ஒம்போது, ரெண்டு."

"அது..."

"நம்ம வீட்டு அட்டை. இந்தக் கடையிலயும் அதேதான் மாட்டியிருந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம்தான் நான் இதை மாத்தினேன். அப்பாவுக்குத் தெரியாது."

போனுக்குள் யாரோ "ஹலோ? ஹலோ?" என்றார்கள்.

"அப்புறம் மூடியிருந்ததை எடுத்தேன். இடது கண்ணால அட்டையைப் பார்த்தார். தான் படிச்ச எண்ணு அங்க இல்லைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னும் அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்பா கண்ணுல நான் தண்ணியைப் பார்த்ததே இல்லைம்மா."

மேசை இழுப்பறையைத் திறந்து, மடித்த கண் சான்றிதழ் நகல் ஒன்றை எடுத்து, சாவியின் பக்கத்தில் வைத்தாள்.

"அடுத்த கண்ணுன்னேன். நாலு, எட்டு, ஆறு, அஞ்சு. சரியாப் படிச்சார். நான் பேனாவை எடுத்து, ரெண்டு கண்ணுக்கும் நேரா 'நன்று'ன்னு எழுதி, கீழ என் கையெழுத்தைப் போட்டேன்."